காற்றாடிப் படத்தின் முடிவு

ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கீழே என் கடை. பெயர்ப் பலகையில் 'பாஹிம் மொபைல்ஸ்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் டவுனில் யாரைக் கேட்டாலும் 'குதிரைப் படக் கடை' என்றுதான் வழி காட்டுவார்கள். போனுக்குக் கண்ணாடி மாற்றுவேன், சார்ஜர் விற்பேன், பென் டிரைவில் படம் ஏற்றிக் கொடுப்பேன். மேலே தோட்டங்களில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. அதனால் சம்பள வாரம் பென்னைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வர வேண்டும். பத்துப் படம் கேட்டால் ஒன்பது அவர்கள் கேட்டதாக இருக்கும். பத்தாவது நான் வைப்பது. அது அமெரிக்காக்காரன் எடுத்த பழைய குதிரைப் படம்.

இதற்காக என்னை ஏசாத ஆள் இல்லை. "பாஹிம் நானா, அந்தக் கெழட்டுக் குதிரைய அழிச்சிட்டு ஒரு பேய்ப் படம் போடுங்க" என்பார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். "காசு வாங்காம ஏத்துறேன், பார்க்கறதுக்கு என்ன வலிக்குதா?" என்று கத்துவேன். தொப்பி போட்டவனெல்லாம் ஒரே ஆள், சுடுவதெல்லாம் ஒரே படம் என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. ஒருவன் சுடுவது பெரிய விஷயமே இல்லை. சுடுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசிக்கிறான், அந்த நேரத்தில் காற்று எப்படி அடிக்கிறது, அதையல்லவா பார்க்க வேண்டும்! அண்ணன் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதவன் வந்தால் பங்காளிப் பகைப் படம் ஏற்றுவேன். புதிதாகக் கல்யாணம் செய்தவனுக்குக் கழுதை மேல் வரும் ஊர்ப் போலீஸ் ஷெரீபின் சிரிப்புப் படம். "நீங்க கடைய மூடிட்டு டிஸ்பென்சரி தொறக்கலாம்" என்பாள் என் மனைவி முனீரா.

கேட்டு வாங்கிய ஒரே ஆள் செல்லசாமி அண்ணன். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை கவ்வாத்து வெட்டும் ஆள். மெலிந்த உடம்பு, காதில் வேலையில்லாத ஒரு பென்சில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து, கவுண்டரில் பென்னை வைத்து, "தம்பி, இந்த மாசம் எது?" என்பார். அந்த ஒரு கேள்விக்காக நான் மாதம் முழுக்கக் காத்திருப்பேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்திருந்தேன். ஒரு பெண் படியில் குடையை மடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த இரண்டு பேர் போகும்வரை வரவில்லை. போன பிறகு வந்து, "நான் செல்லசாமியோட சம்சாரம்ங்க மொதலாளி. பேரு காளியாயி" என்றாள்.

நாலு மாதமாக அவர் கடைப்பக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அண்ணனுக்கு எங்க கட பிடிக்காமப் போச்சு போல? ஆளையே காணோமே" என்றேன்.

"அவரு தவறிட்டாருங்க."

அல்லாஹ்வே என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவள் அழாமல் சொன்னாள். கவ்வாத்து மலையில் குளவிக்கூடு கலைந்திருக்கிறது. மற்றவர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடித் தப்பினார்கள். இவர் வடிகால் கானுக்குள் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. முப்பத்தோராம் நாள் காரியமும் போன வாரம் ஆகிவிட்டது. கொழும்பில் கார்மெண்ட்சில் வேலை செய்யும் மகள் சுலக்ஷனா, அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போக ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

"அன்னைக்கு வேல முடிஞ்சு டவுனுக்குப் போயிட்டு வாறேன்னு பென்னைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தாங்க மலைக்குப் போனாரு. அந்தச் சட்டையும் இல்ல, பென்னும் இல்ல."

டவுனுக்கு என்றால் என் கடைக்கு. வேறு எங்கே? நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன்.

"ஒரு படம் வேணும்ங்க. அவரு திரும்பத் திரும்பப் பார்த்த படம். எனக்குக் கத சொல்லிச் சொல்லிக் காட்டுவாரு. ஆனா நான் முடிவு பார்த்ததே இல்ல. விடியக்காலம் எந்திரிச்சு மலைக்குப் போறவளுக்குக் கண்ணு நிக்குமா? தூங்கிருவேன். காலையில கேட்டா, 'ராவைக்கு மறுபடியும் பார்ப்போம் புள்ள'ன்னு சொல்லுவாரு. மறுபடியும் தூங்கிருவேன். ஒரு நாளாவது முழிச்சிருந்திருக்கலாம், பாவி நான்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கொழும்புக்குப் போறதுக்குள்ள அந்த முடிவ மட்டும் பார்த்துரணும்ங்க. அவரு எனக்குச் சொன்னதுல அது ஒண்ணுதான் பாக்கி."

"படத்தோட பேரு?"

"தெரியாதுங்க."

"பரவாயில்ல அக்கா, கதையச் சொல்லுங்க. இந்த பாஹிமுக்குத் தெரியாத குதிரைப் படம் இல்ல" என்றேன். அந்த நேரத்திலும் பெருமையை விட்டுக்கொடுக்காத மனுஷன் நான்.

அவள் சொன்னாள். ஒரு தொரை இருக்கிறார். அவர் தோட்டத்தில் பாடுபட்ட ஒருவன், வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கொடுங்கள், உறுதிப் பத்திரத்தோடு கொடுங்கள் என்று கேட்கிறான். தொரை தர மாட்டேன் என்கிறார். தண்ணீர்ப் பீலியை அடைக்கிறார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா இவன் பக்கம்தான், ஆனால் பயந்தவர்.

எனக்குத் தலை சுற்றியது. அமெரிக்காவில் எங்கே ஏழு பேர்ச் காணி? முப்பது வருஷமாகப் பார்த்த படங்களை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. "கண்டாக்கா? குதிரைப் படத்துலயா?"

"ஆமாங்க. நெஞ்சுல வெள்ளி நச்சத்திரம் குத்தியிருப்பாரே."

ஷெரீப்! சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அக்கா, அண்ணன் சொன்னத விடுங்க. நீங்க கண்ணால பார்த்தத மட்டும் சொல்லுங்க."

"வீட்டுப் பக்கத்துல ஒசந்த கம்பத்துல சுத்துற ஒரு பெரிய காத்தாடி. அதுல ஒரு எறக்க ஒடஞ்சிருக்கும். அந்த ஆளு சம்சாரம் செவப்புத் தொட்டியில துணி அலசும். குதிரைக்கு ஒரு காது மட்டும் வெள்ள."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அது காற்றாடிப் படம். அறுபதுகளில் வந்த கலர் படம். இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாது என்று கடையில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் அது. செல்லசாமி அண்ணனுக்கு நான் ஏற்றிக் கொடுத்த படங்களிலேயே சிறந்தது. நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டதும் அந்தப் படத்துக்காகத்தான்.

அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனி மாதச் சம்பளச் சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். ஒரு லொறி டிரைவர் நல்ல படம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லசாமி அண்ணன், "காத்தாடிப் படத்த ஏத்திக்கிட்டுப் போங்க. அருமையான படம். கடைசியில அந்த ஆளு உறுதிப் பத்திரத்தக் கையில வச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவாரு, சம்சாரம் வாசல்ல நிக்கும்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "அண்ணே, எந்த ஊருப் படத்தப் பார்த்தீங்க? அவன் வரவே மாட்டான். சுட்டுருவானுங்க. குதிரை மட்டுந்தான் வீட்டுக்கு வரும். தூங்கிக்கிட்டுப் படம் பார்த்துட்டு என் கடையில வந்து கத விடாதீங்க!" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். "தெரியும் தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பென்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது அவருடைய மனைவி என் முன்னால் உட்கார்ந்து அந்த முடிவைக் கேட்கிறாள். புருஷன் செத்து முப்பத்தெட்டு நாள். இவளுக்கு அந்தக் குதிரையைக் காட்டுவதா? நான் மிருகமா?

"அக்கா, அந்தப் படம் இப்ப எங்கிட்ட இல்ல" என்று பொய் சொன்னேன். "வேற ஒண்ணு தாறேன். அதைவிட நல்ல படம். கழுதையில ஒரு ஷெரீப் வருவான், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். இல்லாட்டி ஒரு ஆத்தோரத்துப் படம் இருக்கு, குடும்பமா ஒத்துமையா..."

"எனக்கு எதுக்குங்க வேற படம்?" என்றாள் காளியாயி. கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இல்லேன்னா பரவாயில்லங்க. அவரு எப்பவும் சொல்லுவாரு, இந்தக் கடத் தம்பிகிட்ட இல்லாத படம் இல்லன்னு. அத நம்பித்தான் வந்தேன்."

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. முனீரா கதவண்டை நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என்னை உள்ளே கூப்பிட்டு, "அந்த முடிவத் தாங்குறதும் தாங்காததும் அவங்க பாடு. கேட்டு வந்த மனுஷிக்கு இல்லன்னு சொல்ல நீங்க யாரு?" என்றாள்.

தேடிப் பார்த்ததில் கிடைத்துவிட்டது என்று வெளியே வந்து சொன்னேன். ஒரு புதுப் பென்னில் ஏற்றிக் கொடுக்கப் போனபோது காளியாயி தயங்கினாள். "அந்த லயத்துக் காம்பராவுல தனியா இருந்து பார்க்கப் பயமா இருக்கு தம்பி. இங்கனயே பார்த்துட்டுப் போயிரட்டுமா?" மொதலாளி என்பது எப்போது தம்பியாக மாறியது என்று தெரியவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்கள் வீட்டு டிவியில் போட்டேன். முனீரா மூன்று பேருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்தாள். என்னிடம் அந்தப் படத்தின் தமிழ்க் குரல் வைத்த பிரதியும் இருந்தது. யாரோ சென்னையில் செய்தது. எத்தனையோ நாள் அலைந்து பிடித்தது. காளியாயிக்கு இங்கிலீஷ் தெரியாதே, வசதியாக இருக்கும் என்று அதைத்தான் போட்டேன். நல்ல கனமான குரல்கள். "எப்படி அக்கா, தெளிவா இருக்கா?" என்று வேறு கேட்டேன்.

அவள் ஐந்து நிமிஷம் நெளிந்துகொண்டே பார்த்தாள். பிறகு, "கோவிச்சுக்காதீங்க தம்பி. சத்தத்த நிப்பாட்டிருங்களேன்" என்றாள்.

"ஏன்?"

"நாங்க சத்தம் வச்சுப் பார்க்கறதில்ல. எங்க லயத்துல ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் செவுரு கூரை வரைக்கும் போகாது. இங்க தும்முனா அங்க கேக்கும். எட்டு மணிக்கு மேல டிவியில சத்தம் வச்சா நாலாவது காம்பரா வரைக்கும் ஏச்சு விழும். எல்லாரும் விடிய எந்திரிக்கணும் இல்லீங்களா. அதனால அவரு என் காதுக்குள்ளதான் பேசுவாரு. எல்லாருக்கும் அவருதான் பேசுவாரு. தொரைக்கு, கண்டாக்குக்கு, அந்தப் பொம்பளைக்குக்கூட."

ரிமோட்டை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினேன்.

காளியாயி பேச ஆரம்பித்தாள். முதலில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். பிறகு எங்களுக்கும் கேட்கிற மாதிரி. மாட்டுப் பண்ணைக்காரன் சுருட்டை எடுத்துக்கொண்டு வாயைத் திறந்ததும், "ஏழு பேர்ச்சா? ஒங்க தாத்தனா காடு வெட்டுனான்?" என்றாள். குதிரையில் இருந்தவன் தொப்பியைக் கழற்றியதும், "ஆமாங்க தொர, எங்க தாத்தன்தாங்க வெட்டுனாரு" என்றாள். ஒவ்வொரு உதட்டசைவுக்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார் அந்த மனுஷன். ஷெரீப் மேசைக்குப் பின்னால் ஒளிந்தபோது, "எனக்கு பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் இருக்குப்பா" என்று காளியாயி நடுங்குகிற குரலில் சொல்ல, முனீரா தேநீர் புரைக்கேறச் சிரித்தாள். காளியாயியும் சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தூங்கிக்கொண்டு பார்த்தவர் என்று சொன்னேனே! நானூறு தடவை படம் பார்த்த நான் இப்படி ஒரு வார்த்தை யோசித்திருப்பேனா?

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. படம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. தண்ணீரை அடைத்துவிட்டார்கள், தொழுவத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். விடிந்ததும் அந்த ஆள் டவுனுக்குக் கிளம்புகிறான். வாசலில் நின்று மனைவியிடம் பேசுகிறான். படத்திலேயே நீளமான பேச்சு அதுதான்.

காளியாயி நிறுத்திவிட்டாள். உதடு மட்டும் அசைய முயன்றது. "இந்த எடந்தான் தம்பி" என்றாள். "இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"சத்தம் வைக்கட்டுமா அக்கா?"

"வேணாம். வேற ஆளு கொரல் வேணாம். நீங்க சொல்லுங்க. நீங்கதானே அவருக்கு இந்தப் படத்தக் குடுத்தது. என்ன சொல்றாரு?"

அந்த வசனம் எனக்கு மனப்பாடம். பொழுது சாயும்வரை பார், நான் வரவில்லை என்றால் மாடுகளை விற்றுவிட்டு உன் அண்ணன் ஊருக்குப் போய்விடு, வாசலில் காத்துக்கொண்டு நிற்காதே என்கிறான். படத்தில் ஒரு சொல்லை யாராவது மாற்றிச் சொன்னால் சட்டையைப் பிடிக்கிற நான், என் வாழ்க்கையில் முதல் தடவையாக மாற்றிச் சொன்னேன்.

"பயப்படாத புள்ள, உறுதிப் பத்திரத்தோட திரும்பி வந்துருவேன். நீ சோத்த ஆக்கி வையி, வந்து சேர்ந்து சாப்பிடுவோம்... அப்படிங்கறாரு அக்கா."

காளியாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"இல்ல தம்பி. அவரு இப்புடிச் சொல்ல மாட்டாரு. சோத்த ஆக்கி வைன்னு ஒருநாளும் சொன்னதில்ல. நான் கொழுந்து நிறுத்துட்டு வர்றதுக்குள்ள அவருதான் ஒலை வச்சிருப்பாரு."

முனீரா என்னை முறைத்தாள். மூன்று பேரும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் போனான். டவுனில் நடந்ததைப் படத்தில் காட்ட மாட்டார்கள். வீட்டைத்தான் காட்டுவார்கள். அவள் துணி அலசுகிறாள், காய வைக்கிறாள், வாசலுக்கு வருகிறாள், உள்ளே போகிறாள். நிழல் நீண்டுகொண்டே போகிறது. பிறகு தூரத்தில் தூசி கிளம்பி, அந்தக் குதிரை வந்தது. மேலே ஆள் இல்லை.

அதற்கு யாரும் பேச்சு வைக்கத் தேவையில்லை.

காளியாயியின் கையில் பிளேன்டீ கோப்பை அப்படியே இருந்தது. முனீரா அதை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். படத்தில் அந்தப் பெண் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

"அக்கா, மன்னிச்சிருங்க" என்றேன். "நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

அவள் என்னைக் கவனிக்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்த ஆளு வாசலுக்கு வந்தவுடன எம் புருஷன் எந் தலையத் தடவிக் குடுப்பாரு. பேச்ச மெதுவாக்கிருவாரு. மெதுவா, மெதுவா, ஒண்ணும் வெளங்காத மாதிரி இழுப்பாரு. 'நாளைக்கும் வேல இருக்கு, கண்ண மூடு புள்ள'ம்பாரு. நான்தான் தூங்கிட்டேன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. அவருல்ல என்னையத் தூங்க வச்சிருக்காரு."

முனீரா அவள் தோளைப் பிடித்தாள்.

"எத்தன தடவ பார்த்தோம்னு கணக்கே இல்ல" என்றாள் காளியாயி. "அத்தன தடவையும் இத அவரு மட்டும் தனியா இருந்து பார்த்திருக்காரே."

புருஷனைக் குழியில் இறக்கும்போதுகூட அவள் அழவில்லை என்று பின்னால் தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.